நல்ல சில்லு எது?

அமெரிக்காவில் டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. கோல்ஃப் மாதிரிதான், ஆனால் பந்தும் மட்டையும் கிடையாது. பிளாஸ்டிக் தட்டைக் கையால் வீச வேண்டும். தூரத்தில் ஒரு கம்பம், அதில் சங்கிலிகள் தொங்கும், கீழே ஒரு கூடை. தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்தால் அந்தக் குழி முடிந்தது. எத்தனை வீச்சில் முடித்தார்கள் என்பதுதான் கணக்கு.

எட் ஹெட்ரிக் என்பவர் 1975ல் கலிபோர்னியாவில் ஒரு பூங்காவில் இதற்கு முதல் நிரந்தரத் திடலை அமைத்தார். 1976ல் அதற்கென ஒரு சங்கமும் வந்துவிட்டது. இப்போது இதை விளையாடுகிறவர்கள் பை நிறையத் தட்டுகளைச் சுமந்துகொண்டு போகிறார்கள். தூரமாகப் போக ஒன்று, வளைந்து போக ஒன்று, கடைசியில் கூடைக்குள் போட ஒன்று. அந்தக் கடைசித் தட்டுக்குப் பெயர் பட்டர். வெண்ணெய் இல்லை, இது வேறு!

எந்தப் பட்டரை வாங்குவது என்பதுதான் புதிதாக ஆட வருகிறவர்களின் பெரிய குழப்பம். மெத்தென்று இருக்கணுமா, கெட்டியாக இருக்கணுமா? விளிம்பின் அடியில் சின்னதாக ஒரு வரம்பு இருக்கிற தட்டா, வழவழப்பான தட்டா? எடைக்கும் கட்டுப்பாடு உண்டு. தட்டின் விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது 21 செ.மீ. தட்டு என்றால் சுமார் 174 கிராம் வரை.

சரி, இதற்கும் பிளவக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. தட்டையான ஒரு பொருளைக் குறிபார்த்து வீசி, அது போய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வைப்பதுதான் பட்டரின் வேலை. அதே வேலையைச் செய்கிற ஒரு பொருள் பிளவக்கல்லிலும் இருக்கிறது, வத்திராயிருப்பிலும் இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் தெருக்களிலும் இருக்கிறது. அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை. அதுதான் பாண்டி ஆடுகிற சில்லு.

பாண்டி தெரியாதவர்களுக்கு

தமிழ்நாட்டில் பாண்டி தெரியாதவர்கள் இருக்கிறார்களா என்று கேட்கலாம். பையன்களில் நிறையப் பேருக்குத் தெரியாது. பார்த்திருப்பார்கள், விதி தெரியாது. அதனால் சுருக்கமாக.

தரையில் குச்சியாலோ கரித்துண்டாலோ கட்டம் போட வேண்டும். எட்டுக் கட்டம் சாதாரணம். சில்லை முதல் கட்டத்தில் எறிய வேண்டும். பிறகு ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போய், அதே காலால் சில்லைத் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவர வேண்டும். அடுத்து இரண்டாவது கட்டம், அதற்கடுத்து மூன்றாவது. கட்டம் ஏற ஏற எறிகிற தூரம் கூடிக்கொண்டே போகும். சில்லு கோட்டில் கிடந்தால் அவுட். கால் கோட்டில் பட்டால் அவுட். தூக்கிய காலைக் கீழே வைத்தாலும் அவுட்.

எல்லாக் கட்டமும் முடிந்தால் சில்லை நெற்றியில் வைத்து, வானத்தைப் பார்த்தபடி, கோட்டை மிதிக்காமல் நடக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் "ரைட்டா?" என்று கேட்க, மற்றவர்கள் "ரைட்டு" என்பார்கள். அதுவும் முடிந்தால் கட்டத்துக்கு முதுகு காட்டி நின்று, தலைக்கு மேலாகச் சில்லைப் பின்னால் எறிய வேண்டும். எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அது அவளுக்குப் பழம். அதற்குள் இனி மற்றவர்கள் கால் வைக்கக் கூடாது, அவள் மட்டும் இரண்டு காலையும் ஊன்றி இளைப்பாறலாம்.

ஊருக்கு ஊர் விதி மாறும், பெயர் மாறும். சில்லு, சில்லாக்கு, ஓட்டாஞ்சில்லு, வட்டு என்று பல பெயர். ஆனால் எல்லா ஊரிலும் மாறாத ஒன்று உண்டு. ஆடுகிறவளிடம் இருக்கிற ஒரே சாமான் அந்தச் சில்லுதான். கிரிக்கெட் ஆடுகிறவனுக்கு மட்டை சரியில்லை, பந்து சரியில்லை, பிட்ச் சரியில்லை என்று பத்துக் காரணம் உண்டு. பாண்டி ஆடுகிறவளுக்குச் சில்லைத் தவிர வேறு எதையும் குறை சொல்ல முடியாது. அந்தச் சில்லையும் எடுத்து வந்தது அவளேதான்.

ஒரு சில்லு, பல வேலை

இங்கேதான் பட்டரை விடச் சில்லின் பாடு கஷ்டம். பட்டருக்கு ஒரே வேலை, கையிலிருந்து போய்க் கூடையில் விழ வேண்டும். அடுத்த முறை கையால் எடுத்து வீசினால் போதும். சில்லு அப்படியில்லை. முதலில் கையிலிருந்து போய்க் கட்டத்துக்குள் அசையாமல் நிற்க வேண்டும். அடுத்த நிமிடமே கால் கட்டைவிரல் தள்ளினால் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும்.

யோசித்துப் பாருங்கள், இது இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான குணம். நன்றாக நிற்கிற சில்லு தள்ளும்போது முரண்டு பிடிக்கும். நன்றாக வழுக்குகிற சில்லு எறியும்போது கோட்டைத் தாண்டி ஓடும். போதாததற்கு நெற்றியில் வைத்தால் விழாமல் இருக்க வேண்டும். பின்பக்கம் எறிந்தால் உடையாமல் இருக்க வேண்டும்.

புதிதாக ஆடுகிற பிள்ளைகள் எறிவதை மட்டும் மனதில் வைத்துத்தான் சில்லு எடுப்பார்கள். கனமான கல் ஒன்றை எடுத்து வந்து, எட்டாவது கட்டத்தில் பொத்தென்று போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பிறகு நொண்டிப் போய்த் தள்ளும்போது தெரியும். கல் நகராது, கட்டைவிரல் நகம் வலிக்கும். கோபத்தில் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினால் இரண்டு கட்டம் தாண்டிக் கோட்டில் போய் உட்காரும். "அவுட்டு, வெளிய வாடி" என்று ஒரு குரல். விளையாட்டு தோற்றது எட்டாவது கட்டத்தில் இல்லை, சில்லைப் பொறுக்கும்போதே.

என்னென்ன கிடைக்கும்?

பிளவக்கல் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணை இருக்கிற இடம். (இது முல்லைப் பெரியாறு இல்லை. பெயர் ஒன்று, ஆறு வேறு.) மலையில் இருந்து இறங்குகிற ஓடைகளில் உருண்டு தேய்ந்த கற்கள் கிடக்கும். ஊர்களுக்குள் பழைய ஓட்டு வீடுகள் உண்டு. இப்போது புது வீடு கட்டுகிற இடங்களும் உண்டு. அதனால் சில்லுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

*ஆற்றுக் கல்:* பார்க்க ரொம்ப அழகு, கையில் வைத்தால் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் அடிப்பக்கம் லேசாக உப்பியிருக்கும். உப்பிய அடி தரையில் முழுசாகப் படியாது. விழுந்ததும் ஆடும், சுற்றும், எங்கேயாவது போய் நிற்கும். ஆறு தேய்த்துக் கொடுத்த கல் ஆற்றில் உருள்வதற்குத்தான் லாயக்கு. நன்றாகத் தட்டையான கல் நூற்றில் ஒன்று கிடைக்கலாம். கிடைத்தால் விடக் கூடாது.

*கருங்கல் சில்:* கல் உடைக்கிற இடத்தில் பொறுக்குவது. கனம், கூர்மை. கால் கிழியும். வேண்டாம்.

*பானை ஓடு:* இதுதான் ஓட்டாஞ்சில்லு. லேசானது, தேய்க்கச் சுலபம், விரலுக்குப் பிடிப்பு கொடுக்கும். குறை என்னவென்றால் பானை வளைவானது. பெரிய பானையின் வயிற்றுப் பகுதியில் இருந்து எடுத்தால் வளைவு குறைவாக இருக்கும். சின்னச் சட்டியில் எடுத்தால் கிண்ணம் மாதிரி ஆடும். குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி விழுந்தால் ஓரங்கள் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். திரும்பி விழுந்தால் பம்பரம்தான்.

*சீமை ஓடு:* வீட்டுக் கூரையில் இருந்து விழுந்து உடைந்தது. அதன் தட்டையான பகுதியை எடுத்தால் சில்லுக்கு இதைவிட நல்ல சரக்கு இல்லை. கனமும் இல்லை, ரொம்ப லேசும் இல்லை. மண்ணில் நிற்கும், தள்ளினால் நகரும். ஆனால் எந்தத் துண்டிலும் வரிப்பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

*டைல்ஸ் துண்டு:* இந்தக் காலத்துச் சில்லு. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பு கீழே விழுந்தால் நிற்கும், வழவழப்பு கீழே விழுந்தால் ஓடும். ஆக, எறிகிறவளுக்குப் பூவா தலையா போட்ட மாதிரி. சில கெட்டிக்காரிகள் வழவழப்பான பக்கத்தை மட்டும் கல்லில் தேய்த்து மங்க வைத்துவிடுவார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

*பிளாஸ்டிக் மூடி:* காற்றடித்தால் போச்சு. மண்ணை அடைத்துக் கனமாக்கலாம் என்பார்கள். ஸ்காட்லாந்தில் இதே விளையாட்டுக்கு எறிகிற பொருளைப் பீவர் என்று சொல்வார்கள். அங்கே ஷூ பாலிஷ் டப்பாவைப் பீவராக வைத்து ஆடியிருக்கிறார்கள். தட்டையான தகர டப்பா, நன்றாக வழுக்கும். கல்லும் பலகைக்கல் துண்டும்கூட அங்கே பீவர் ஆனதுண்டு. பிள்ளைகள் எல்லா நாட்டிலும் குப்பையில் இருந்துதான் நல்ல சாமான் எடுக்கிறார்கள்.

கொஞ்சம் இயற்பியல் (பயப்பட வேண்டாம்)

கனமான சில்லுதான் சீக்கிரம் நிற்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பிளஸ் ஒன் இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. தரையில் வழுக்கிப் போகிற ஒரு பொருள் எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்பது அதன் வேகத்தையும் உராய்வையும் பொறுத்தது. எடை அந்தக் கணக்கிலேயே வராது. கனம் கூடினால் உராய்வு விசை கூடும், ஆனால் நிறுத்த வேண்டிய பாரமும் அதே அளவுக்குக் கூடும். இரண்டும் அடித்துப் போய்விடும்.

உதாரணமாக உராய்வுக் குணகம் 0.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தரையில் வழுக்குகிற சில்லு சுமார் 34 செ.மீ. போய் நிற்கும். 3 மீட்டர் வேகம் என்றால் சுமார் 77 செ.மீ. போகும். கட்டம் ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ.தான் என்றால் முதலாவது தப்பிக்கும், இரண்டாவது அவுட். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, தூரம் இரண்டே கால் மடங்கு கூடிவிட்டது.

அப்படியென்றால் கனமான சில்லு நன்றாக நிற்பது போலத் தோன்றுவது ஏன்? புழுதியில் அது கொஞ்சம் புதைந்துகொள்ளும். அதோடு கனமானதை யாரும் வேகமாக எறிவதில்லை, கை தானாகவே அளந்து போடும். கல்லின் புண்ணியத்தைவிடக் கையின் புண்ணியம் அதிகம்.

இன்னொன்று, எறிகிற உயரம். நின்றபடி ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து சில்லை விட்டால் அது தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் விநாடிக்கு 4.4 மீட்டர். குனிந்து 25 செ.மீ. உயரத்தில் இருந்து விட்டால் 2.2 மீட்டர்தான், சரிபாதி. வேகம் குறைந்தால் துள்ளல் குறையும். நன்றாக ஆடுகிற அக்காக்கள் எல்லோரும் முட்டியை மடக்கிக் குனிந்து எறிவது இதனால்தான். அவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. போடத் தேவையும் இல்லை.

மூன்றாவது, சுழற்சி. மணிக்கட்டால் லேசாக ஒரு சுண்டு சுண்டி விட்டால் சில்லு சுழன்றுகொண்டே தட்டையாகப் போகும், தட்டையாகவே விழும். சுழலாமல் போனால் காற்றிலேயே புரண்டு விளிம்பில் விழும். விளிம்பில் விழுந்த சில்லு சில்லு இல்லை, சக்கரம். டிஸ்க் கோல்ஃப்காரர்களும் இந்தச் சுண்டலைத்தான் மணிக்கணக்கில் பழகுகிறார்கள்.

தரை எது?

நல்ல சில்லு எது என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் தரைதான்.

ஓடையோரத்து மணலில் எதைப் போட்டாலும் நிற்கும். ஆனால் தள்ளுவது கஷ்டம். அங்கே சன்னமான, வழவழப்பான சில்லு வேண்டும். சாணி தெளித்து இறுகிய வாசல் மண்ணில் ஓட்டுச்சில்லு ராஜா. மழை பெய்த மறுநாள் ஈர மண்ணில் பானை ஓடுகூட ஒட்டிக்கொண்டு நகராது. கிழக்கே சாத்தூர்ப் பக்கம் போனால் கரிசல். வெயில் காலத்தில் அது வெடித்துக் கிடக்கும், சின்னச் சில்லு வெடிப்புக்குள் போனால் தேட வேண்டியதுதான். அங்கே சற்றுப் பெரிதாக வேண்டும்.

சிமெண்ட் ரோடு வந்த பிறகு கதையே வேறு. மண்ணில் ஆடிப் பழகிய சில்லு சிமெண்டில் விழுந்தால் துள்ளும். ஓடு என்றால் இரண்டு நாளில் ஓரம் சிதறும். சிமெண்டுக்கு ஏற்றது டைல்ஸ் துண்டுதான், அதுவும் சொரசொரப்பாகத் தேய்த்தது. பேவர் பிளாக் பதித்த தெரு என்றால் இன்னும் மோசம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் சில்லு முட்டி நிற்கும். ஆனால் ஒரு லாபம், கட்டம் போடும் வேலை பாதி மிச்சம்!

ஆக, கடையில் பட்டர் வாங்குகிறவர் தன் கையைப் பார்த்து வாங்குகிறார். சில்லு பொறுக்குகிறவள் தன் கையையும் காலையும் பார்த்துவிட்டு, தன் தெருவையும் பார்க்க வேண்டும். அத்தை வீட்டுக்குப் போகும்போது இங்கே ஜெயித்த சில்லை எடுத்துப் போய் அங்கே தோற்று அழுகிற பிள்ளைகள் உண்டு. "எங்க ஊர்ல இது நல்லா நிக்கும்க்கா" என்று சொன்னால் அங்கே யார் நம்புவார்கள்?

அளவும் விளிம்பும்

ஆடுகிறவளின் கையில் மூன்று விரலைச் சேர்த்தால் எவ்வளவு அகலமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அதற்குப் பெரிதானால் கோட்டில் படுகிற வாய்ப்பு அதிகம். கோட்டுக்கு உள்ளே விழுந்தாலும் ஓரம் தொட்டால் அவுட்தானே. ரொம்பச் சின்னதானால் நொண்டும்போது கால் அதைத் தாண்டிவிடும், கட்டைவிரலுக்குச் சிக்காது.

கனம் சுண்டுவிரல் மொத்தம் இருந்தால் சரி. அதைவிடச் சன்னம் என்றால் கால் அதன் மேல் ஏறிவிடும். அதைவிட மொத்தம் என்றால் தள்ளும்போது குப்புறப் புரளும்.

விளிம்புதான் முக்கியம். உடைத்ததும் ஓரம் கூராக இருக்கும். சின்னக் கல்லால் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி முதலில் வட்டம் ஆக்க வேண்டும். அவசரப்பட்டு ஓங்கித் தட்டினால் இரண்டாகப் போய்விடும், முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். பிறகு துவைக்கிற கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். ஓடு என்றால் செக்கச்செவேல் என்று குழம்பு மாதிரி வழியும். வீட்டில் திட்டு விழும். அரை மணி நேரம் தேய்த்தால் விளிம்பு மழுங்கி, காலுக்கு இதமாக வரும்.

டிஸ்க் கோல்ஃபில் தூரம் போகிற தட்டுக்கு விளிம்பு கூராக இருக்கும், பட்டருக்கு மழுங்கலாக இருக்கும். கூர் விளிம்பு காற்றைக் கிழித்து ஓடும், மழுங்கிய விளிம்பு மெதுவாகப் போய் விழும். அமெரிக்கத் தொழிற்சாலையும் பிளவக்கல் துவைக்கிற கல்லும் கடைசியில் ஒரே மாதிரி விளிம்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. காரணங்கள் வேறு வேறு என்றாலும், நிற்க வேண்டிய பொருளுக்கு அவசரம் ஆகாது என்பது இரண்டுக்கும் பொது.

ரெண்டாயிரம் வருஷப் பிரச்சினை

சிவகங்கை மாவட்டம் கீழடியில் 2015ல் இருந்து தோண்டத் தோண்ட வந்துகொண்டிருக்கிற பொருட்களில் தங்கமும் உண்டு, தமிழி எழுத்துப் பானை ஓடும் உண்டு. அவற்றோடு நூற்றுக்கணக்கில் கிடைத்தவை வட்டச் சில்லுகள். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தட்டி, ஓரத்தைத் தேய்த்துச் செய்தவை. விருதுநகர் மாவட்டத்திலேயே, வைப்பாற்றங்கரையில் இருக்கிற வெம்பக்கோட்டையில் 2022ல் தொடங்கிய அகழாய்விலும் வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் கிடைத்தன. பிளவக்கல் பக்கத்துத் தண்ணீரும் அர்ச்சுனா நதியாக ஓடி, இருக்கன்குடியில் அதே வைப்பாற்றோடுதான் சேர்கிறது. ஒரே ஆற்றுக் குடும்பத்துப் பிள்ளைகள்.

எல்லா வட்டச் சில்லும் பாண்டிச் சில்லுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. குடுவைக்கு மூடியாக இருக்கலாம், எடைக்கல்லாக இருக்கலாம், வேறு ஆட்டத்துக் காயாகவும் இருக்கலாம். இங்கிலாந்தில் ஃபிஷ்போர்ன் என்ற இடத்து ரோமானிய அரண்மனையில் கிடைத்த இதே மாதிரிச் சில்லுகளை ஆட்டக்காய் என்றுதான் நெடுங்காலம் காட்சிக்கு வைத்திருந்தார்கள். 2012ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரைக்குப் பிறகு, அவை கழிவறையில் துடைத்துக்கொள்ளப் பயன்பட்டவையாக இருக்கலாம் என்று பேச்சு வந்துவிட்டது. சங்கடம்தான்!

ஆனாலும் கீழடி அருங்காட்சியகம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். சில்லுகளைப் பார்த்ததும் "இது என்ன?" என்று கேட்காதவர்கள் பெண்கள்தான். அவர்களுக்கு விளக்கப் பலகை தேவையில்லை. அந்த அளவு, அந்தக் கனம், அந்த விளிம்பு எதற்கு என்று கட்டைவிரலுக்கே தெரியும்.

எழுதி வைக்காத பாடம்

கேரம் ஸ்டிரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதிப் புத்தகம் உண்டு. பட்டருக்கு உண்டு. டென்னிஸ் பந்து எவ்வளவு துள்ள வேண்டும் என்பதற்கும் உண்டு. சில்லுக்கு இல்லை. நல்ல சில்லு எது என்ற அறிவு முழுவதும் ஒரு அக்காவிடம் இருந்து ஒரு தங்கைக்கு வாய்வழியாக வருகிறது. வாய்வழி என்பதுகூடச் சரியில்லை. "இது வேண்டாம் புள்ள, அதை எடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஏன் என்று அக்காவும் சொல்வதில்லை, தங்கையும் கேட்பதில்லை. நாலு நாள் ஆடினால் காலுக்குப் புரிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடில் பந்து பையன்களிடம் போய்விடும், மைதானமும் போய்விடும். மிச்சம் இருக்கிற வேப்பமர நிழலில் எட்டுக் கட்டம் போட்டு ஆடுவதற்குத்தான் பாண்டி. காசு வேண்டாம், அனுமதி வேண்டாம், பத்தடி இடம் போதும். அந்தப் பத்தடிக்குள் ஒரு பெண்பிள்ளை தானே தேடி, தானே உடைத்து, தானே தேய்த்து, சரியா தப்பா என்று தானே சோதித்துப் பார்த்த முதல் கருவி இந்தச் சில்லு. வீட்டில் அவளுக்கு உடை எடுப்பது மற்றவர்கள். பள்ளிக்கூடம் தேர்ந்தெடுப்பது மற்றவர்கள். பிற்காலத்தில் இன்னும் பெரிய விஷயங்களையும் மற்றவர்கள்தான் முடிவு செய்யப் பார்ப்பார்கள். சில்லு மட்டும் அவள் எடுத்தது. தோற்றால் மாற்றிக்கொள்ளும் உரிமையும் அவளுடையது.

அதுவும் ரொம்ப நாளைக்கு இல்லை. வயதுக்கு வந்ததும் "தெருவில என்ன நொண்டிக்கிட்டு" என்று ஒரு நாள் வீட்டில் சொல்வார்கள். அன்றோடு ஆட்டம் நிற்கும். சில்லு மாடக்குழியிலோ கம்பெடுக்கிற இடுக்கிலோ கொஞ்ச நாள் கிடந்து, தங்கை கைக்குப் போகும். தங்கை இல்லாத வீட்டில் எங்கேயோ தொலையும். இப்போது தெருவில் பைக்குகள் பெருகிவிட்டன. கட்டம் போட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒதுங்க வேண்டும். ஆட்டம் குறையக் குறைய "அதை எடு" என்று சொல்கிற அக்காவும் குறைந்துகொண்டே வருகிறாள். அவள் இல்லாவிட்டால் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் கிடையாது, புத்தகமும் கிடையாது. அதற்காகவாவது எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும்.

கடைசியாக, சுருக்கமாக

இன்றைக்கே ஒரு சில்லு வேண்டும் என்கிறவர்களுக்கு:

முதலில் தரையைப் பார்க்கவும். மண் என்றால் சீமை ஓடு, சிமெண்ட் என்றால் தேய்த்த டைல்ஸ்.

அழகான கல்லில் மயங்க வேண்டாம். அதைத் தட்டையான இடத்தில் வைத்து ஒரு விரலால் ஓரத்தை அழுத்தவும். ஆடினால் அது சில்லு இல்லை.

விளிம்பைத் தேய்க்காமல் ஆட வேண்டாம். கால் உங்களுடையது.

கையால் பத்து முறை எறிந்து பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. காலால் பத்து முறை தள்ளியும் பார்க்க வேண்டும். எறிவதில் பத்துக்குப் பத்தும் தள்ளுவதில் இரண்டும் வாங்குகிற சில்லைவிட, இரண்டிலும் ஏழு வாங்குகிற சில்லு மேல்.

பிடித்துப் போனால் அதையே வைத்துக்கொள்ளவும். ஒரு தடவை தோற்றதற்காக மாற்ற வேண்டாம். டிஸ்க் கோல்ஃபில் அனுபவப்பட்டவர்களும் புதியவர்களுக்குச் சொல்வது இதுதான். ஏதோ ஒரு நல்ல பட்டரை எடு, அதையே திரும்பத் திரும்ப எறி. சில்லு பாதி கையைப் பழக்கும், கை பாதி சில்லைப் பழக்கும். அதற்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆகும்.

நல்ல சில்லு கிடைத்தால் இரவல் கொடுக்கலாம். ஆனால் அந்த இடத்திலேயே நின்று, ஆட்டம் முடிந்ததும் திருப்பி வாங்கிவிட வேண்டும். இரவல் போன சில்லு வீடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.